ஆயிரம் பந்து அடித்தால் மட்டும் கை வந்துவிடுமா?

சிரம்பானிலிருந்து மந்தின், நீலாய் பக்கம் போனால், செம்பனை மரங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடையே சீராக வெட்டிய பச்சைப் புல்வெளிகள் கண்ணில் படும். அவை கோல்ஃப் திடல்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அவை புதிய காட்சியல்ல. அங்கே புல் வெட்டியவர்களும், ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு 'கேடி' வேலை பார்த்தவர்களும் உங்கள் உறவினர்களிலேயே இருக்கக்கூடும்.

மாணவர்களே, அந்தத் திடலில் இரண்டு பேர் ஆட்டம் பழகுவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் நாள்தோறும் 200 பந்துகள் அடிக்கிறார். ஓராண்டு ஆன பிறகும் பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள்தான் போகிறது. இரண்டாமவர் நாள்தோறும் 50 பந்துகள்தான் அடிக்கிறார். ஆறே மாதத்தில் அவருடைய பந்து நேராகப் போகத் தொடங்குகிறது. முதலாமவரைப் பார்த்து நாம் சட்டென்று என்ன சொல்வோம்? "அவருக்குக் கை வராது" என்போம்.

பல வேளைகளில் குறை கையில் இருப்பதில்லை, பழகும் முறையில் இருக்கிறது. ஒவ்வோர் அடியும் நமக்கு ஒரு தகவலைத் தர வேண்டும். அந்தத் தகவலைக் கொண்டு அடுத்த அடியை மாற்ற வேண்டும். அப்படி நடந்தால்தான் அது பயிற்சி. இல்லாவிட்டால் அது வெறும் உடலுழைப்பு. ஏன் என்பதைக் கோல்ஃப் பந்தை வைத்தே பார்ப்போம்.

அரை மில்லி விநாடி மோதல்

விதிப்படி ஒரு கோல்ஃப் பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அதன் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 'டிரைவர்' எனப்படும் நீண்ட மட்டையின் தலை ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். தேர்ந்த ஆடவர் ஒருவர் அதை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார் என்று கொள்வோம்.

இயற்பியலில் படிக்கும் உந்த அழியா விதி இங்கே நேராகப் பொருந்தும். மோதலுக்குப் பின் பந்தின் வேகத்தைக் கணக்கிட மூன்று விவரங்கள் போதும்: மட்டையின் வேகம், இரண்டின் நிறை, மோதலில் எவ்வளவு துள்ளல் கிடைக்கிறது என்பதைக் காட்டும் கெழு. டிரைவர் மட்டைக்கு விதிகள் அனுமதிக்கும் உச்சக் கெழு 0.83. எனவே 180 × 1.83 × 200 ÷ 246 என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 268 வருகிறது. அதாவது மட்டை 180 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பந்து மணிக்கு 268 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். கனமான பொருள் இலேசான பொருளை மோதும்போது, இலேசான பொருள் மோதியதைவிட வேகமாக ஓடும்.

இந்த மோதல் நீடிக்கும் நேரம் ஏறத்தாழ 0.0005 விநாடி. அந்த நொடித்துணுக்கில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே பந்தின் தொடக்கத் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பந்து 1 பாகை விலகிக் கிளம்பினால் 200 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 3.5 மீட்டர் தள்ளி விழும். 4 பாகை விலகினால் 14 மீட்டர்.

மெதுவாக உருட்டும் அடியிலும் இதே கதைதான். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 3 மீட்டர் தொலைவிலிருந்து உருட்டும்போது பந்து 1 பாகை விலகினால் குழிக்கு அருகே அது 5.2 சென்டிமீட்டர் தள்ளி வரும். குழியின் ஆரமோ 5.4 சென்டிமீட்டர். மட்டமான தரையில்கூட இரு பக்கமும் ஏறத்தாழ 1 பாகை அளவுக்குத்தான் தவறலாம்.

பாதி வழியில் திருத்த முடியுமா?

மட்டையை மேலே தூக்கிய பிறகு கீழே வீசிப் பந்தைத் தொட, தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ கால் விநாடி ஆகும். கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 விநாடி தேவை. வீச்சு பிழையாகப் போகிறது என்று மூளை உணர்ந்து திருத்த முற்படும் நேரத்தில் பந்து பறந்துவிட்டிருக்கும்.

எனவே மூளை அந்த வீச்சை முன்கூட்டியே ஒரு திட்டமாகத் தயாரித்துத் தசைகளுக்கு அனுப்புகிறது. எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும், எவ்வளவு விசையுடன் சுருங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். பேட்மிண்டனில் ஸ்மாஷ் அடிப்பதும் செபாக் தக்ராவில் காலைச் சுழற்றி உதைப்பதும் இப்படித்தான் நடக்கின்றன.

இந்தத் திட்டத்தைச் செம்மைப்படுத்துவதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. 'இப்படி நடக்கும்' என்று எதிர்பார்த்ததையும், உண்மையில் நடந்ததையும் மூளை ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அடுத்த முறைக்கான திட்டத்தைச் சிறிது மாற்றுகிறது. திரும்பத் திரும்பச் செய்யும்போது அதற்குரிய நரம்பு இணைப்புகள் வலுப்பெறுகின்றன.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாம் திரும்பச் செய்வது சரியானதா, தவறானதா என்று அந்த இணைப்புகளுக்குத் தெரியாது. எதை அதிகமாகச் செய்கிறோமோ அதுவே பழகிப்போகும். நாளுக்கு 200 பந்து அடிப்பவர் ஓராண்டில் தன் பிழையைத்தான் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார்.

பந்தே சொல்லும் பாடம்

அவருடைய பிழையைக் கொஞ்சம் ஆராய்வோம். வலக்கைப் பழக்கமுள்ள ஆட்டக்காரரின் பந்தைப் படிக்க இரண்டு விதிகள் போதும்.

ஒன்று, பந்து எந்தத் திசையில் கிளம்புகிறதோ, மோதும்போது மட்டையின் முகம் பெரும்பாலும் அந்தத் திசையைத்தான் பார்த்திருக்கும்.

இரண்டு, பந்து வளைவது மட்டையின் முகத்துக்கும் மட்டை போன பாதைக்கும் உள்ள வேறுபாட்டால். பாதையைவிட முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தால் பந்தின் சுழற்சி சாய்ந்து, அது வலப்பக்கம் வளையும். முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தால் இடப்பக்கம் வளையும். காற்பந்தில் 'வாழைப்பழ' உதை வளைவதும் இப்படிப்பட்ட சுழற்சியால்தான். இந்த விதிகள் மட்டையின் நடுப்பகுதியில் பட்ட பந்துக்கே நன்றாகப் பொருந்தும்.

இப்போது நம் முதலாமவரைப் பாருங்கள். பந்து வலப்பக்கம் வளைகிறது. அவர் என்ன செய்கிறார்? தோளை இடப்பக்கம் திருப்பி நிற்கிறார். 'இன்னும் இடப்பக்கம் பார்த்து அடித்தால் சரியாகிவிடும்' என்பது அவருடைய எண்ணம். ஆனால் தோள் இடப்பக்கம் திரும்பியதும் மட்டையின் பாதையும் இடப்பக்கம் போகிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு கூடுகிறது. பந்து முன்பைவிட அதிகமாக வலப்பக்கம் வளைகிறது. அவர் இன்னும் கொஞ்சம் தோளைத் திருப்புகிறார். அவரிடம் முயற்சிக்குக் குறைவே இல்லை. பந்து தந்த தகவலைத் தப்பாகப் படித்துவிட்டார், அவ்வளவுதான்.

பயிற்றுநர் எதற்கு?

பயிற்றுநரின் தேவை இங்கேதான் வருகிறது. நம் கை எங்கே இருக்கிறது, இடுப்பு எவ்வளவு திரும்பியது என்பதை மூளை தசை, மூட்டுகளில் உள்ள உணர்விகள் வழியாக அறிகிறது. வேகமான அசைவில் அந்த உணர்வு அத்தனை துல்லியமாக இருப்பதில்லை. 'கையை நேராகத்தான் வைத்தேன்' என்று உறுதியாகச் சொல்வோம். படம் எடுத்துப் பார்த்தால் கை மடங்கியிருக்கும். உணர்வது ஒன்று, நடப்பது ஒன்று. அந்த இடைவெளியை வெளியிலிருந்து பார்க்கும் கண் காட்டிக் கொடுக்கிறது.

இது தோட்டத்துக்குப் புதிய செய்தியல்ல. பால் மரம் வெட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போனால் வளர்திசுவில் காயம் பட்டு, மறுபடியும் வளரும் பட்டை முடிச்சு முடிச்சாக வரும். அதனால் புதிதாக வெட்டப் பழகுபவரைத் தனியே விட்டுவிடுவதில்லை. அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று சாய்வையும் ஆழத்தையும் காட்டுவார். கங்காணி பின்னால் வந்து வெட்டைப் பார்ப்பார். மரத்தில் பட்ட காயமும் ஒரு பாடம்தான். செய்தல், பார்த்தல், திருத்துதல் என்ற மூன்றும் சேர்ந்தே அங்கே கைத்திறன் வளர்ந்தது.

நல்ல பயிற்றுநர் ஒரே வகுப்பில் பத்துத் தவறுகளைச் சொல்ல மாட்டார். ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தருவார். அதைப் பழகிவிட்டு வந்த பிறகே அடுத்தது. ஒவ்வோர் அடிக்கும் அவர் கருத்துச் சொல்லிக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. அப்படிச் செய்தால் மாணவர் அவருடைய குரலையே நம்பிப் பழகிவிடுவார். தனியாக ஆடும்போது தடுமாறுவார். அதனால், 'இந்த அடி எப்படி இருந்தது என்று நீயே சொல்' என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு விடையைச் சொல்வது நல்ல முறை.

பார்த்தே கற்றவர்கள்

அப்படியானால் பயிற்றுநருக்குப் பணம் கொடுக்க முடியாதவர்கள் கற்கவே முடியாதா? வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் இந்தியர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்குள்ள டர்பன் நகரின் இந்தியச் சமூகத்தில் பிறந்தவர் 'பப்வா' செவ்சங்கர் செவ்கோலம். கேடியாக வேலை செய்தபடியே ஆட்டத்தைப் பழகினார். வலக்கை ஆட்டக்காரர்கள் வழக்கமாக இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்து மட்டையைப் பிடிப்பார்கள். பப்வா அதைத் தலைகீழாகப் பிடித்தார். அந்தப் பிடியுடனேயே டச்சு ஓபன் போட்டியை 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1963இல் நேட்டால் ஓபன் போட்டியிலும் வென்றார். நிறவெறிச் சட்டங்களால் மன்றக் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார்.

பப்வாவின் பிடி பாடப்புத்தகத்துக்கு மாறானது. ஆனால் மோதும் நொடியில் அவருடைய மட்டையின் முகம் பார்க்க வேண்டிய திசையைப் பார்த்தது. பந்துக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

கேடிகளில் பலருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நாள் முழுவதும் நல்ல ஆட்டக்காரர்களின் வீச்சையும் அதனால் பந்து போகும் திசையையும் அவர்கள் பக்கத்திலிருந்தே பார்த்தார்கள். அதுவும் ஒரு வகைப் பாடம். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். நம் நாட்டிலும் பி. குணசேகரன், எம். இராமையா போன்ற தமிழர்கள் தொழில்முறை கோல்ஃபில் பெயர் பெற்றிருக்கிறார்கள்.

எப்படிப் பழகுவது?

பயிற்சித் திடலில் ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கி 50 பந்து அடிப்பதுதான் பலரின் வழக்கம். அதைவிட நல்ல வழி உண்டா?

1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு நமக்குப் பிடித்த பேட்மிண்டனைப் பற்றியது. பேட்மிண்டன் பழக்கமில்லாத கல்லூரி மாணவியருக்கு மூன்று வகை சர்வீஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் பழகியது. இன்னொரு குழு மூன்றையும் மாற்றி மாற்றிக் கலந்து பழகியது. பயிற்சி முடிந்த பிறகு சோதித்தபோதும், பழகாத இடத்திலிருந்து அடிக்கச் சொன்னபோதும் கலந்து பழகிய குழுவே சிறப்பாகச் செய்தது.

காரணம் என்ன? ஒன்றையே திரும்பச் செய்யும்போது மூளை முந்தைய திட்டத்தை அப்படியே மறுபடி ஓட்டுகிறது. மாற்றி மாற்றிச் செய்யும்போது ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிட வேண்டும். அப்போது சிரமமாக இருக்கும், தவறும் கூடும். ஆனால் உண்மையான ஆட்டத்தில் தேவைப்படுவது அந்தத் திட்டமிடல்தான். கோல்ஃபில் ஒரே அடியை இரண்டு முறை அடிக்கும் வாய்ப்பு அரிதாகவே வரும். முற்றிலும் புதியவர் மட்டும் அடிப்படை அசைவு பிடிபடும் வரை ஒன்றையே சில நாள் பழகலாம். பிறகு கலக்கத் தொடங்க வேண்டும்.

கவனத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 1999இல் வெளிவந்த கோல்ஃப் ஆய்வு ஒன்றில், புதியவர்களில் ஒரு குழுவிடம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றக் குழுவிடம் மட்டை ஊசலாடுவதைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்களின் அடியே துல்லியமாக இருந்தது. உடலின் ஒவ்வோர் உறுப்பையும் கட்டளையிட்டு இயக்க முயன்றால் இயல்பான அசைவு குலைந்துபோகிறது.

சறுக்கலைக் கண்டு பயப்படாதீர்கள்

பழைய பிழையைத் திருத்தத் தொடங்கியதும் ஆட்டம் முதலில் மோசமாகலாம். டைகர் வுட்ஸ் 1997இல் மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். அதன் பிறகும் தன் வீச்சில் குறை இருப்பதாகக் கருதி, பயிற்றுநருடன் சேர்ந்து அதை மாற்றியமைத்தார். 1998இல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் அவருக்கு ஒரே ஒரு வெற்றிதான் கிடைத்தது. 1999இல் எட்டு வெற்றிகள் வந்தன. 2000இல் அமெரிக்க ஓபனை 15 அடிகள் வித்தியாசத்தில் வென்றார்.

மலேசியாவோடு தொடர்புள்ள இன்னொருவர் விஜய் சிங். ஃபிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அவருடைய முதல் தொழில்முறை வெற்றி 1984ஆம் ஆண்டின் மலேசிய பி.ஜி.ஏ. போட்டியில் கிடைத்தது. அடுத்த ஆண்டில் ஆசியச் சுற்றிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகு சபா, சரவாக் மாநிலங்களில் மன்றப் பயிற்றுநராக வேலை பார்த்தார். பிறருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே தன் ஆட்டத்தையும் பழகினார். 2000இல் மாஸ்டர்ஸ் பட்டம் பெற்றார். 2004இல் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரானார். நெடுநேரம் பயிற்சி செய்பவர் என்றே அவர் பெயரெடுத்தார்.

அப்படியானால் எவரும் நெடுநேரம் பழகினால் போதுமா? 2010இல் அமெரிக்காவின் டேன் மெக்லாலின் என்பவர் வேலையை விட்டுவிட்டு, 10,000 மணி நேரம் பழகித் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவேன் என்று தொடங்கினார். ஏறத்தாழ 6,000 மணி நேரத்தில் முதுகுவலி அவரை நிறுத்திவிட்டது. ஆனாலும் கோல்ஃப் ஆடிப் பழக்கமே இல்லாதவராகத் தொடங்கியவர், பெரும்பாலான மன்ற ஆட்டக்காரர்கள் எட்ட முடியாத நிலைக்கு உயர்ந்திருந்தார். பயிற்சி நம்மை வெகுதூரம் கொண்டுபோகும். உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. குறுகிய நேரப் பயிற்சி, இடையே ஓய்வு, நல்ல தூக்கம் ஆகியவை அவசியம். பழகிய அசைவுகள் நினைவில் நிலைபெறத் தூக்கமும் உதவுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு மட்டையும் வேண்டாம், திடலும் வேண்டாம். ஒரு வாளி, சில டென்னிஸ் பந்துகள், நண்பர்கள் சிலர் போதும்.

1. வாளியிலிருந்து 2, 3, 4 மீட்டர் தொலைவில் மூன்று கோடுகள் வரையுங்கள். நண்பர்களை இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

2. 'அ' குழுவில் ஒவ்வொருவரும் 2 மீட்டரில் 20 முறை, பிறகு 3 மீட்டரில் 20 முறை, கடைசியில் 4 மீட்டரில் 20 முறை கீழ்க்கையால் பந்தை வீச வேண்டும். 'ஆ' குழுவில் ஒவ்வொருவரும் அதே 60 வீச்சுகளை மூன்று கோடுகளிலும் மாறி மாறிச் செய்ய வேண்டும். வாளிக்குள் விழுந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டு நாள் கழித்து, இரண்டு குழுவும் பழகாத 3.5 மீட்டரிலிருந்து ஆளுக்கு 20 முறை வீசட்டும்.

பயிற்சி நாளின் மதிப்பெண்ணையும் சோதனை நாளின் மதிப்பெண்ணையும் ஒப்பிடுங்கள். ஆட்கள் குறைவாக இருந்தால் முடிவு மாறலாம். அதனால் வகுப்பு முழுவதையும் சேர்த்துச் செய்வது நல்லது. எது மாறி, எது மாறிலி என்று எழுதிவைத்தால் இது முறையான அறிவியல் சோதனையாகிவிடும்.

வெளிக்கண் வேண்டுமென்றால் கைத்தொலைபேசி இருக்கிறது. சாதாரணக் காணொளி விநாடிக்கு 30 படங்கள் எடுத்தால், கால் விநாடி வீச்சுக்கு ஏழெட்டுப் படங்களே கிடைக்கும். மெதுவோட்ட முறையில் விநாடிக்கு 240 படங்கள் எடுத்தால் 60 படங்கள் கிடைக்கும். பின்னாலிருந்து ஒரு முறையும் முன்னாலிருந்து ஒரு முறையும் எடுங்கள். பார்ப்பதற்கு முன், 'நான் என்ன செய்தேன்?' என்று எழுதிவையுங்கள். பிறகு படத்தோடு ஒப்பிடுங்கள்.

கோல்ஃப் செலவு பிடிக்கும் ஆட்டம்தான். மட்டைகளும் திடல் கட்டணமும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் பழகும் முறைக்குக் கட்டணம் இல்லை. பேட்மிண்டன் சர்வீஸுக்கும், எஸ்.பி.எம். கணிதத்துக்கும் அது பொருந்தும். ஒரே வகைக் கணக்கை 30 முறை செய்வதைவிட மூன்று வகைகளைக் கலந்து செய்யுங்கள். விடையைப் பார்க்கும் முன், சரியா தவறா என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். தவறு எங்கே தொடங்கியது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். அடுத்த முறை யாராவது உங்களிடம் "உனக்குக் கை வராது" என்று சொன்னால், எந்த முறையில் பழகினேன் என்று முதலில் சரிபாருங்கள்.